கல் இல்லாத ஊரின் கல்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே செல்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆரம்பாக்கம் ஒரு பெயர்ப்பலகை மட்டுமே. கும்மிடிப்பூண்டியைத் தாண்டினால் ஆரம்பாக்கம். அதையும் தாண்டினால் தடா, அதாவது ஆந்திரம். சாலைக்குக் கிழக்கே நிலம் தாழ்ந்து தாழ்ந்து உப்பங்கழியாகிப் பழவேற்காட்டு ஏரியில் முடிகிறது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்துக்கும் சிறுபகுதி தமிழ்நாட்டுக்கும் உரியது. மீனும் இறாலும் நண்டும்தான் இக்கரையின் பொருளாதாரம்.

இந்தத் தாழ்நிலக் கரையில் மலை இல்லை. கருங்கல் பாறை இல்லை. ஆயினும் வீடு கட்ட, கோயில் எழுப்ப, கோட்டை அமைக்க மனிதருக்குக் கல்லோ கல்லுக்கு ஈடான ஒன்றோ வேண்டியிருக்கிறது. அந்த ஈட்டை இப்பகுதிக்கு ஏரியே அளித்தது. பல நூற்றாண்டுகளாகச் செத்துப் படிந்த மட்டியும் ஆளியும் சேற்றுக்கடியில் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. அவற்றை வாரிக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. ஏரியின் உயிரினங்களை நெடுங்காலம் ஆராய்ந்த பேராசிரியர் பி.ஜே. சஞ்சீவராஜ் போன்றோரின் பணிகளால் இந்தச் சிப்பிப் படிவுகளைப் பற்றி நாம் ஓரளவு அறிந்திருக்கிறோம்.

1957-ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டம் பிறந்தபின், அதன்கீழ் 'சிறுகனிமம்' எவையென வரையறுத்த பட்டியலில் கட்டடக் கல், சரளை, சாதாரணக் களிமண், சாதாரண மணல் ஆகியவற்றோடு, கட்டடச் சுண்ணாம்புக்காகக் காளவாயில் சுடப்படும் கிளிஞ்சலும் இடம்பெற்றது. ஆக, சட்டத்தின் கண்ணில் புதுக்கோட்டைப் பாறையும் பழவேற்காட்டுக் கிளிஞ்சலும் ஒரே இனம். கல்லே இல்லாத ஊரிலிருந்து கல்லுடைக்கும் உரிமையின் வரலாற்றைப் பார்க்கத் துணிந்ததற்கு இதுவே என் நியாயம். தன் சொந்த நிலத்தில் கிடக்கும் கல்லை எடுக்க ஒருவர் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்? ஏன் கேட்க வேண்டும்? கேட்காவிட்டால் யார் பிடிபடுகிறார்கள், யார் தப்புகிறார்கள்?

*

அனுமதி என்பது வெள்ளையர் கொண்டுவந்த சரக்கு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கல்வெட்டுகளும் செப்பேடுகளும் வேறு கதை சொல்கின்றன. சோழர் காலத்துப் பிரமதேயக் கொடைகளில் 'பரிகாரம்' என்ற தலைப்பில் வரும் சலுகைகளைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். கிணறு தோண்டுவது, தென்னை வைப்பது, சுட்ட செங்கல்லால் மாளிகை எடுப்பது போன்றவைகூடத் தனித்தனியே பெயர்சொல்லி அளிக்கப்பட்டிருக்கின்றன. அளிக்கப்பட வேண்டியிருந்தது என்றால், அளிக்கப்படாதவருக்கு அவை இயல்பான உரிமைகளாக இருக்கவில்லை என்றுதான் பொருள்.

விஜயநகரக் காலத்து ஆவணங்களில் இது இன்னும் தெளிவாகிறது. நிலக்கொடையோடு 'அஷ்டபோகம்' எனும் எட்டு அனுபவ உரிமைகளும் சேர்த்துத் தரப்படும். நிதி, நிட்சேபம், ஜலம், பாஷாணம், அட்சிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்பன அவை. நான்காவதாக நிற்கும் பாஷாணம் என்பது கல். உழும் நிலம் வேறு; அதன் அடியில் இருக்கும் புதையலும் நீரும் கல்லும் வேறு. ஒன்றைத் தந்தால் மற்றவை தாமாக வந்துவிடா. பெயர் சொல்லித் தர வேண்டும். அதேசமயம், பெயர் சொல்லித் தந்துவிட்டால் கல் முழுமையாகப் பெற்றவருக்கே உரியது. நிலத்தின் மேற்பரப்புக்கும் அடிப்பரப்புக்கும் வெவ்வேறு உடைமையாளர்கள் இருக்கலாம் என்ற இன்றைய சட்டச் சிக்கலின் வித்து அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது.

மேற்கிலும் இதே கேள்வி எழுந்ததுண்டு. இங்கிலாந்தில் 1568-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற 'சுரங்க வழக்கில்', நார்தம்பர்லாந்துப் பிரபுவின் நிலத்திலிருந்த செப்புச் சுரங்கத்துக்கு எலிசபெத் அரசி உரிமை கோரினார். அவ்வழக்கிலிருந்து நிலைபெற்ற கோட்பாடு, பொன்னும் வெள்ளியும் அரசுக்கு, ஏனையவை நிலவுடைமையாளருக்கு என்பது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பலவற்றில் மண்ணுக்கடியில் உள்ளது அரசுக்கே என்ற கோட்பாடு வலுப்பெற்றது. கிழக்கிந்தியக் கம்பெனி நம் நாட்டுக்கு வந்தபோது இவ்விரண்டு சிந்தனைகளில் எதையும் உறுதியாகப் பின்பற்றவில்லை. வசதிக்கேற்ப இரண்டையும் பயன்படுத்திக்கொண்டது.

*

பழவேற்காட்டில் கல்லும் சுண்ணாம்பும் அரசியலோடு கலந்த வரலாறு நீண்டது. டச்சுக்காரர்கள் 1613-இல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிச் சோழமண்டலக் கரை வணிகத்தின் தலைமையிடமாக அதை வைத்திருந்தார்கள். 1690-இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று இடிபாடு. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்தில், செதுக்கிய கல்லின் கீழ் அவ்வணிகர்கள் உறங்குகிறார்கள்.

தெற்கே சென்னைப் பட்டினம் வளர வளர அதற்குச் சுண்ணாம்பு தேவைப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்பை அரைத்துப் பூசி மெருகேற்றிய சென்னைத் தூண்கள் பளிங்கோ என மயக்கியதாகப் பயணிகள் பலர் எழுதியிருக்கிறார்கள். 'சுனாம்' என்ற சொல்லே ஆங்கிலத்துக்குள் புகுந்தது. 1806-இல் எண்ணூர் வரை வெட்டப்பட்டுப் பின்னர் பழவேற்காட்டு ஏரி வழியாகக் கிருஷ்ணை வரை நீண்டு, 1876-78 பஞ்சத்துக்குப்பின் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர்பெற்ற நீர்வழியில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் படகேறி நகரத்துக்குச் சென்றன.

கிளிஞ்சலை விட்டுவிட்டு உப்பைக் கவனித்தால் அனுமதி எனும் கருவி எப்படிக் கூர்மையாக்கப்பட்டது என்பது விளங்கும். சென்னை மாகாணத்தில் 1805-இலேயே உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. 1889-ஆம் ஆண்டின் சென்னை உப்புச் சட்டம் உரிமமின்றி உப்பெடுப்பதைக் குற்றமாக்கியது. கழிமுகத்தில் வெயில் தானாகவே விளைவித்த உப்பை ஒரு கைப்பிடி அள்ளிய கரைவாசியும் அச்சட்டத்தின் வலைக்குள் வந்தார். 1930-இல் நாடு முழுவதும் கொதித்தது இதற்காகத்தான். அதன் முடிவை நாம் அதிகம் பேசுவதில்லை. 1931 மார்ச் 5-ஆம் நாள் கையெழுத்தான காந்தி-இர்வின் உடன்படிக்கையில் உப்புச் சட்டம் நீக்கப்படவில்லை. உப்பு விளையும் இடங்களை ஒட்டிய கிராமத்தார் தம் வீட்டுத் தேவைக்கும், தம் கிராமங்களுக்குள் விற்கவும் உப்பெடுக்கலாம். வெளியே கொண்டு விற்கக் கூடாது என்ற விலக்கு மட்டுமே கிடைத்தது. ஆனால் அது சிறிய வெற்றியன்று. சிறியவரின் தேவையும் பெரியவரின் வணிகமும் ஒரே தராசில் நிறுக்கப்படலாகாது என்பதை ஓர் அரசு எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் அது. கல்லுக்கு அப்படியொரு உடன்படிக்கை இன்றுவரை முழுமையாக எழுதப்படவில்லை என்பதே என் கருத்து.

*

விடுதலைக்குப்பின் வந்த இரண்டு சட்டங்கள் இன்றைய நிலையை உருவாக்கின. முதலாவது, 1948-ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டம். ஜமீன்களை அரசு ஏற்றபோது எவையெல்லாம் அரசைச் சேரும் என்று அச்சட்டம் ஒரு நீண்ட பட்டியல் தருகிறது. புறம்போக்கு, தரிசு, மேய்ச்சல் நிலம், காடு, கனிமம், கல் குவாரி, ஆறு, குளம், மீன்பிடி உரிமை, படகுத்துறை என்று அது ஓடுகிறது. விஜயநகரத்து அஷ்டபோகம் கொடுப்பதற்காக எழுதப்பட்டது. இது எடுத்துக்கொள்வதற்காக எழுதப்பட்டது. வடிவம் ஏறக்குறைய ஒன்றேதான்.

இரண்டாவது, 1957-ஆம் ஆண்டின் கனிமங்கள் சட்டம். 1958 ஜூன் 1-இல் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சிறுகனிமங்களுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்கு அளித்தது. அதன்படி பிறந்தவையே 1959-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள். அவற்றின் 19-ஆம் விதி ரயத்துவாரி நிலங்களில், அதாவது சாமானியர் 'பட்டா நிலம்' என்று சொல்வதில், குவாரி நடத்துவதற்கான முறையைச் சொல்கிறது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். எடுக்கும் அளவுக்கு அரசுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். வண்டி வெளியேற நடைச்சீட்டு வேண்டும்.

ஆனால் ரயத்துவாரி நிலத்தின் அடியிலுள்ள கல் யாருக்குச் சொந்தம்? தாமஸ் மன்றோ காலத்தில் வேர்விட்ட இம்முறையில் உழவர் அரசுக்கு நேரடியாகத் தீர்வை கட்டினார். அவர் உடைமையாளரா, அரசின் குடியானவரா என்பது நூறாண்டுக்கும் மேலாக விவாதத்திலேயே கிடந்தது. விடை தேடிச் சென்றவர்கள் மலபார் நிலவுடைமையாளர்கள். 1956 வரை சென்னை மாகாணத்தோடு இருந்த பகுதி அது. தம் ஜென்ம நிலத்திலிருந்து எடுக்கும் கனிமத்துக்கு அரசு ஏன் உரிமத் தொகை கேட்கிறது என்று அவர்கள் தொடுத்த வழக்கில், 2013 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திரேசியாம்மா ஜேக்கப் வழக்கு என்று அது அறியப்படுகிறது. பழைய வருவாய் வாரியத்தின் நிலையாணைகள் வரை துருவி ஆராய்ந்த அத்தீர்ப்பின் சாரம், கனிமங்கள் எல்லாம் அரசுக்கே என்று சொல்லும் பொதுச்சட்டம் எதுவும் இந்தியாவில் இல்லை என்பதே. முறையான சட்ட நடவடிக்கையால் பறிக்கப்படாதவரை, அடிமண்ணின் உடைமை மேல்மண்ணின் உடைமையைப் பின்தொடர்கிறது. ஆனால் உடைமை இருக்கிறது என்பதாலேயே கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டவராகிவிட முடியாது. கல் உங்களுடையது, எடுப்பதற்கான அனுமதி அரசினுடையது.

உரிமத் தொகை என்பது வரியா, விலையா என்ற கேள்வியை அத்தீர்ப்பு திறந்தே விட்டது. அதற்குள் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. 1989 அக்டோபர் 25 அன்று இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு, சுண்ணாம்புக்கல்லுக்கான உரிமத் தொகையின்மேல் தமிழ்நாடு விதித்த மேல்வரி செல்லாது என்றது. தீர்ப்பின் ஓரிடத்தில் உரிமத் தொகையே ஒரு வரி என்றும் எழுதிவிட்டது. 2004-இல் கேசோராம் வழக்கை விசாரித்த ஐவர் அமர்வு, அது கைப்பிழை, 'உரிமத் தொகையின்மேல் விதிக்கும் மேல்வரி' என்று இருந்திருக்க வேண்டும் என்று விளக்கியது. ஒரு சொற்றொடர் விடுபட்டதா, இல்லையா என்பதன்மேல் மாநிலங்களின் பெருந்தொகை தொங்கிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், உரிமத் தொகை வரியன்று, கனிமம் உள்ள நிலத்தின்மேல் வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்த்தது. தமிழ்நாடு உடனே அதற்கொரு சட்டம் இயற்றி 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

*

இவையெல்லாம் உடைமையின் கதை. நடைமுறைப்படுத்தலின் கதை வேறு. அங்கேதான் வலி இருக்கிறது.

சிறு அளவிலான குவாரிகள் நெடுங்காலம் சுற்றுச்சூழல் சட்டத்தின் பார்வையில் படவில்லை. 2006 செப்டம்பர் 14-ஆம் நாளின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த குத்தகைகளை விட்டுவிட்டது. விளைவு எதிர்பார்த்ததுதான். பெரிய குவாரிகள் சிறு துண்டுகளாகக் காகிதத்தில் வெட்டப்பட்டன. 2012 பிப்ரவரி 27 அன்று தீபக் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த ஓட்டையை அடைத்தது. ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்தாலும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்றது. 2016-இல் மத்திய அரசு மாவட்ட அளவிலேயே அவ்வனுமதியைத் தரும் ஏற்பாட்டைச் செய்தது. 2018 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அந்த ஏற்பாடு தீபக் குமார் தீர்ப்புக்கு முரணானது என்றது. 2020-இல் சாலை முதலிய நெடும்பணிகளுக்கு மண் எடுக்க அளிக்கப்பட்ட விலக்கை 2024 மார்ச் 21 அன்று உச்ச நீதிமன்றம் நீக்கியது.

ஒவ்வொரு தீர்ப்பும் தனித்தனியே நியாயமானது. ஆனால் அவற்றின் கூட்டு விளைவைக் கல்லுடைக்கும் ஒருவரின் இடத்திலிருந்து பாருங்கள். அரை ஏக்கர் பட்டாவில் உழவுக்கு இடைஞ்சலாகக் கிடக்கும் பாறையை உளியும் சம்மட்டியும் கொண்டு உடைத்துக் கடைக்கால் கல்லாக விற்க நினைப்பவருக்குச் சிட்டா, அடங்கல், புலப்படம், சுரங்கத் திட்டம், சுற்றுச்சூழல் அனுமதி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு, நடைச்சீட்டு ஆகிய அனைத்தும் வேண்டும். இயந்திரம் வைத்துப் பாறையைக் குடைந்து கிரஷருக்கு ஜல்லி அனுப்புபவருக்கும் ஏறத்தாழ இதே பட்டியல்தான். பின்னவர் ஆள் வைத்து வாங்கிவிடுவார். முன்னவர் அனுமதியின்றி உடைப்பார், அல்லது தம் நிலத்தைப் பின்னவருக்கே குத்தகைக்கு விடுவார்.

2015-இல் தண்டனை கூட்டப்பட்டது. அனுமதியின்றிக் கனிமம் எடுப்போருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் ஹெக்டேருக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். எடுத்த கனிமத்தையோ அதன் விலையையோ திரும்பப் பெறலாம். 2014 செப்டம்பர் 4 அன்று, டெல்லி ஆற்றுமணல் தொடர்பான வழக்கில், அனுமதியின்றி எடுப்போர்மீது திருட்டுக் குற்றமும் சாட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆற்றுமணல் அரசுடையது, அதில் குழப்பமில்லை. ஆனால் 2013-ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி அடிக்கல் தனக்கே உரியதாக இருக்கும் ஒருவர் தன் கல்லைத் தானே திருட முடியுமா? அனுமதி பெறாத குற்றம் அவர்மேல் நிற்கும். திருட்டு எப்படி நிற்கும்? இரண்டையும் பிரித்துப் பார்க்காத நடைமுறை பெரிதும் தண்டிப்பது ஏழைப் பட்டாதாரரைத்தான் என்று தோன்றுகிறது.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த உ. சகாயம் 2012-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை, கிரானைட் முறைகேடுகளால் 16,000 கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பு என்று கணக்கிட்டது. 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்தது; 2015 நவம்பரில் அவரது அறிக்கை வந்தது. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து தொழிலாளர்கள் இறந்தனர். 2023 ஏப்ரல் 25 அன்று தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் செய்திருந்த கிராம நிர்வாக அலுவலர் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, கல் குவாரி முறைகேடுகளை எதிர்த்து மனுக் கொடுத்துவந்த ஒருவர் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். சட்டத்தின் கடைசிக் கண்ணியாக நிற்பவர் ஒரு கிராம அலுவலர் அல்லது ஒரு மனுதாரர். அனுமதி முறையையே தளர்த்திவிட்டால் ஏழைக்கு நன்மை என்று சொல்வோர், தளர்ந்த இடத்தில் முதலில் நுழைவது யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

*

அப்படியானால் வழி என்ன? வரலாறு இரண்டு குறிப்புகளைத் தருகிறது.

ஒன்று பழவேற்காட்டிலேயே இருக்கிறது. இவ்வேரியின் மீனவக் கிராமங்களில் 'பாடு' எனும் முறை நெடுங்காலமாக உண்டு. நீர்ப்பரப்பின் மீன்பிடி இடங்கள் பிரிக்கப்பட்டு, உரிமையுள்ள குடும்பங்களுக்கு முறை வைத்தும் சீட்டுப் போட்டும் அளிக்கப்படுகின்றன. இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் இதையொத்த முறை இருக்கிறது. அரசு ஆவணம் எதுவுமில்லாமலேயே யார், எங்கே, எந்நாளில் என்பது அங்கே தீர்மானமாகிறது. மீறினால் ஊர் கேட்கும். இதைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கமன்று. பாட்டில் இடமே பெறாத சாதியினர் இக்கரையில் உண்டு. சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளருக்கு எந்தச் சீட்டும் விழுவதில்லை. ஆயினும் அனுமதி என்பது மேலிருந்து வரும் காகிதமாக மட்டுமே இருக்க வேண்டியதில்லை, பக்கத்திலிருப்பவர்களின் கண்காணிப்பாகவும் இருக்கலாம் என்பதைப் பாடு காட்டுகிறது.

மற்றொன்று புதுக்கோட்டை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆட்சியராயிருந்த ஷீலா ராணி சுங்கத், அதுவரை ஒப்பந்தக்காரர்களின் கையிலிருந்த அரசுக் கல் குவாரிகளைக் கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்கு அளித்தார். கொத்தடிமைகளாயிருந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கான பெண்கள் குத்தகைதாரர்களானார்கள். சட்டம் மாறவில்லை; அதே 1959-ஆம் ஆண்டு விதிகள்தாம். குத்தகை ஆவணத்தில் இருந்த பெயர் மாறியது. கூலி உயர்ந்தது, அரசின் வருவாயும் வந்தது. ஒப்பந்தக்காரர்களின் எதிர்ப்பும் ஆட்சியர் மாறியபின் வந்த சோர்வும் அம்முயற்சியைப் பெரிதும் குலைத்துவிட்டன. ஆனால் அது நடந்தது. நடக்கக்கூடியது என்பதற்கு அதுவே சான்று.

2024-இல் தமிழ்நாடு அரசு, ஏரி குளங்களின் வண்டல் மண்ணை உழவரும் மண்பாண்டத் தொழிலாளரும் கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று எளிமைப்படுத்தியதையும் இந்த வரிசையில் வைக்கலாம். 1931-இல் உப்புக்குக் கிடைத்த விலக்கின் தொலைதூர உறவு அது. கையால் கல்லுடைத்து அக்கம்பக்கத்தில் விற்பவருக்கும் அதுபோன்ற எளிய தனி வழி ஒன்று இருந்தால், அலுவலர்களின் கண் இயந்திரக் குவாரிகளின்மேல் முழுதாகத் திரும்பும். எல்லாவற்றையும் கண்காணிப்பதாகச் சொல்லும் சட்டம் நடைமுறையில் எளிதில் பிடிபடுபவரையே கண்காணிக்கிறது.

ஏரிக்குத் திரும்பினால், அங்கே கிளிஞ்சலின் வரலாறு பெரும்பாலும் முடிந்துவிட்டது. சிமெண்டு வந்தபின் காளவாய்கள் மங்கின. 1980-இல் ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாயிற்று. 1991 பிப்ரவரி 19-ஆம் நாளின் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கை கரையோரத்தில் மணலையும் பாறையையும் அடிமண் பொருள்களையும் வெட்டியெடுப்பதைப் பொதுவாகத் தடுத்தது. ஏரியின் அடியில் எஞ்சிய சிப்பிப் படுகைகள் இன்று இறாலுக்கும் நண்டுக்கும் புகலிடம். அவற்றை விட்டுவைப்பதே மீனவருக்கு நன்மை. இங்கே தடை நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சிப்பி வாரிப் பிழைத்தவர் அதன்பின் எதை வாரிப் பிழைப்பார் என்ற கேள்வி எந்த அறிவிக்கையிலும் இடம்பெறவில்லை. அஷ்டபோகத்தின் எட்டு உரிமைகளில் கடைசி இரண்டு, ஏற்கெனவே கைகூடியதும் இனிக் கைகூடக்கூடியதும். நம் சட்டங்கள் முன்னதை அளந்து கட்டணம் வாங்குவதில் தேர்ந்துவிட்டன. பின்னதை யாருக்கு, எப்படி அளிப்பது என்பதை இனிமேல்தான் எழுத வேண்டும்.